அமெரிக்க இடைக்காலத் தேர்தல் 2026: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் குடியிருக்கிறேன். குடியுரிமை கிடைத்து 2022-இல்தான் இங்கே முதல் ஓட்டுப் போட்டேன். அன்றிலிருந்து ஊரில் இருக்கும் பெரியப்பா, விசாவில் வந்திருக்கும் தம்பிகள், பொங்கல் விழாவில் தட்டோடு பக்கத்தில் வந்து உட்காருபவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. இடைத்தேர்தல்னு டிவியில சொல்றாங்களே, யாரு செத்துப்போனா?

யாரும் சாகவில்லை பெரியப்பா. இடைத்தேர்தல் வேறு, இடைக்காலத் தேர்தல் வேறு. அதிபரின் பதவிக்காலம் நான்கு வருடம். அதற்கு நடுவில், இரண்டாம் வருடத்து நவம்பரில், தவறாமல் வருவது இது. முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. இந்த முறை அது 2026 நவம்பர் 3.

பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல் உண்டு, ஏனென்றால் அவர்களுக்குப் பதவிக்காலமே இரண்டு வருடம்தான். செனட்டர்களுக்கு ஆறு வருடம் என்பதால் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குதான் தேர்தலைச் சந்திக்கும். இந்த முறை 33. அதோடு 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தலும் சேர்ந்து வருகிறது. இங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, ராஜ்பவனில் இருப்பவர் மாதிரி இல்லை.

பெரியப்பா கேட்டதில் பாதி நியாயமும் உண்டு. நம் இடைத்தேர்தல் போன்ற இரண்டு செனட் தேர்தல்கள் இதற்குள் இருக்கின்றன. ஜே.டி. வான்ஸ் துணை அதிபரானதால் ஓஹையோவிலும், மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானதால் ஃப்ளோரிடாவிலும் இடம் காலியானது. ஆக செனட்டில் மொத்தம் 35.

2. இதுல டிரம்ப் தோத்துட்டா பதவி போயிடுமா?

போகாது. ஓட்டுச்சீட்டில் அவர் பெயரே இருக்காது. நம் ஊரில் சபையில் பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழும். இங்கே அதிபரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சபையைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு சபையும் எதிர்க்கட்சி கைக்குப் போனாலும் 2029 ஜனவரி 20 வரை அவர்தான் அதிபர்.

பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரலாமே என்றால், கொண்டுவரலாம். பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2019-இலும் 2021-இலும் டிரம்ப் மீது அப்படி இரண்டு முறை நிறைவேற்றினார்கள். ஆனால் வெளியே அனுப்ப செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 ஓட்டு வேண்டும். 2021-இல் 57 பேர் குற்றவாளி என்று ஓட்டளித்தும் அவர் விடுவிக்கப்பட்டார். இந்தத் தேர்தலில் யார் ஜெயித்தாலும் 67 எட்டாத உயரம்தான்.

3. அப்போ எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ஒரு சபை கைமாறினாலே அதிபரின் கை பாதி கட்டப்படும். எந்த மசோதாவை ஓட்டுக்கு எடுப்பது, எதை மூலையில் போடுவது என்பதைப் பெரும்பான்மைக் கட்சிதான் முடிவு செய்யும். குழுத் தலைவர் பதவிகள் மாறும். அமைச்சர்களை வரவழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம், ஆவணம் கேட்டு அழைப்பாணை அனுப்பலாம். செனட் கைமாறினால் நீதிபதி நியமனங்கள் அங்கேயே நின்றுவிடும்.

பணப்பை சபையிடம் இருக்கிறது என்பதற்குப் பழைய சரித்திரம் தேட வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், செலவு மசோதா நிறைவேறாமல் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது, அதுவரை இல்லாத நீளம். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 ஓட்டு தேவைப்படுவதால் 47 பேரை வைத்திருந்த எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியால் அதைச் செய்ய முடிந்தது. எங்கள் வீட்டு வரிசையிலேயே ஒருவர் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் வேலை பார்க்கிறார். சம்பளம் இல்லாமல் தினமும் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்வந்தார்.

4. சரி, யாருக்கு எத்தனை சீட் வேணும்?

2024 தேர்தலில் பிரதிநிதிகள் சபை முடிவு டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு 220, ஜனநாயகக் கட்சிக்கு 215. பெரும்பான்மைக்கு 218. ஜனநாயகக் கட்சிக்கு மூன்றே இடம் கூடுதலாக வந்தால் சபை கைமாறிவிடும்.

செனட் வேறு கதை. அங்கே குடியரசுக் கட்சிக்கு 53, ஜனநாயகக் கட்சிக்கு 47. சமநிலை வந்தால் துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போடுவார் என்பதால் ஜனநாயகக் கட்சிக்கு 50 போதாது, 51 வேண்டும். ஆக நான்கு இடம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். தேர்தல் நடக்கும் 35-இல் 22 குடியரசுக் கட்சியுடையவை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டிரம்ப் அனாயாசமாக ஜெயித்த மாநிலங்கள்.

5. ஆளுங்கட்சி எப்பவுமே இதுல தோக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடம் கூடுதலாகப் பெற்றது 1998-இலும் 2002-இலும் மட்டும்தான். 2010-இல் ஒபாமாவின் கட்சி 63 இடம் இழந்தது. கோபம் இருப்பவர் வரிசையில் வந்து நிற்பார், திருப்தியாக இருப்பவர் வீட்டில் இருப்பார் என்பதுதான் எனக்குத் தெரிந்த எளிய விளக்கம். அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் பெரிய கூட்டம் இதற்கு வருவதே இல்லை. 2014-இல் தகுதி உள்ளவர்களில் 36 சதவீதம் அளவுக்குத்தான் வந்தார்கள். 2018-இல் அது 50-ஐத் தொட்டபோது நூறு வருடத்தில் காணாத கூட்டம் என்றார்கள்.

ஆனால் 2022-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் அந்த ஜூனில் 9.1 சதவீதம், பைடனுக்குச் செல்வாக்குக் குறைவு, சிவப்பு அலை அடிக்கப்போகிறது என்று எல்லாரும் எழுதினார்கள். அதே ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முடிவில் குடியரசுக் கட்சிக்கு ஒன்பது இடம்தான் கூடுதலாகக் கிடைத்தது, செனட்டில் ஒரு இடம் குறைந்தே போனது.

6. சிவப்பு அலைன்னா கம்யூனிஸ்டா?

நேர் எதிர். இங்கே சிவப்பு வலதுசாரியான குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. 2000-ஆம் ஆண்டு தேர்தல் இரவில் தொலைக்காட்சிகள் காட்டிய வரைபடத்திலிருந்து நிலைத்துவிட்ட பழக்கம் இது.

7. 435 தொகுதியையும் நான் கவனிச்சுக்கிட்டு இருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். நாற்பதுக்கும் குறைவான தொகுதிகளைக் கவனித்தால் போதும். மற்றவற்றில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது வேட்பாளர் பெயர் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் எல்லாரிடமும் மல்லுக்கட்டும் விஷயமே இதுதான். பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் வெறும் சடங்கு. உண்மையான தேர்தல் மார்ச் முதல் செப்டம்பர் வரை நடக்கும் முதன்மைத் தேர்தலில் முடிந்துபோகிறது. அதாவது, கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்காது, அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் மக்களே ஒரு தேர்தல் வைத்து முடிவு செய்வார்கள். அதில் கலந்துகொள்பவர்கள் கொஞ்சம் பேர், கட்சிப் பற்று மிகுந்தவர்கள். அதனால் சபை உறுப்பினர் பலருக்கு எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சி ஆட்களிடம்தான் பயம். டிரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சி உறுப்பினர் லிஸ் செனி 2022-இல் வயோமிங்கில் தோற்றது அப்படி ஒரு முதன்மைத் தேர்தலில்தான்.

8. டெக்சாஸ்ல தொகுதி எல்லையை மாத்திட்டாங்களாமே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வராமலே எப்படி?

வழக்கமாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான் எல்லையைத் திருத்துவார்கள். இடையில் செய்யக்கூடாது என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. பல மாநிலங்களில் எல்லை போடுவது தனி ஆணையம் இல்லை, மாநிலச் சட்டமன்றமே. அதாவது ஆளுங்கட்சியே. மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி 1812-இல் கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணி போல வளைந்து நெளிந்து கிடந்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜெரிமேண்டரிங் என்ற சொல் அதிலிருந்து வந்தது.

2025 கோடையில் டிரம்ப் கேட்டுக்கொண்டபடி டெக்சாஸ் ஐந்து இடங்கள் வரை கூடுதலாகக் கிடைக்கும் விதத்தில் எல்லையை மாற்றியது. எதிர்த்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சபையில் ஆள் எண்ணிக்கை சேராமல் இருக்க மாநிலத்தைவிட்டே கிளம்பி இல்லினாய்ஸில் போய்த் தங்கினார்கள். நம் ஊர் ரிசார்ட் அரசியல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. கலிஃபோர்னியா பதிலடியாக நவம்பர் 4 அன்று மக்களிடமே ஓட்டு வைத்துத் தன் எல்லையை மாற்றிக்கொண்டது. மிசூரி, வட கரோலினா எனத் தொடர்ந்தது. இண்டியானாவில் மட்டும் டிசம்பரில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகிக்கும் மாநில செனட்டே முடியாது என்றுவிட்டது.

இரண்டு பக்கமும் செய்கிறார்களே, யார் செய்தது சரி என்று கேட்பார்கள். முதலில் ஆரம்பித்தது யார் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் இரண்டு வேலையும் சேர்ந்து 7-ஆம் பதிலில் சொன்ன ‘உண்மையான போட்டி’த் தொகுதிகளை இன்னும் சுருக்கிவிட்டன.

9. செனட்டுல எந்த மாநிலத்தைப் பார்த்தா போதும்?

முதலில் வட கரோலினா. குடியரசுக் கட்சியின் டாம் டில்லிஸ், டிரம்பின் பெரிய வரி மசோதாவை எதிர்த்து, அவரிடம் திட்டு வாங்கி, மறுநாளே இனி நிற்கமாட்டேன் என்று அறிவித்தார். முன்னாள் ஆளுநர் ராய் கூப்பர் ஜனநாயகக் கட்சி சார்பில் அந்த இடத்துக்கு இறங்கினார். அடுத்து மெய்ன், அங்கே 1997 முதல் செனட்டில் இருக்கும் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸுடைய இடம். அப்புறம் மிச்சிகன், அங்கே கேரி பீட்டர்ஸ் ஓய்வு பெறுவதால் ஜனநாயகக் கட்சிதான் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். ஓஹையோவில் 2024-இல் தோற்ற ஜனநாயகக் கட்சியின் ஷெரட் பிரௌன், வான்ஸ் விட்டுப்போன இடத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறார்.

ஐந்தாவது எங்கள் ஜார்ஜியா. டிரம்ப் 2024-இல் ஜெயித்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆஸாஃப் இரண்டாம் முறை ஓட்டுக் கேட்கிறார். எங்கள் தபால்பெட்டி இப்போதே நிரம்பி வழிகிறது. போன முறை ஒரே நாளில் பதினொரு விளம்பர அட்டை வந்தது, மகள் எண்ணி வைத்தாள்.

10. உங்க ஊர்ல அதிக ஓட்டு வாங்கினாலும் ஜெயிக்க முடியாதாமே?

ஆமாம், 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். யாரும் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் நான்கு வாரம் கழித்து மறுபடி தேர்தல். 2022 நவம்பர் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் முந்தியும் 50-ஐத் தொடவில்லை. டிசம்பர் 6 அன்று ஹெர்ஷல் வாக்கரை மறுபடி சந்தித்துத்தான் ஜெயித்தார். அதே நவம்பரில் அதே வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்பை ஆளுநராகச் சுலபமாக ஜெயிக்க வைத்தார்கள். ஆளைப் பார்த்துக் கட்சி மாற்றிக் குத்தும் கூட்டம் இங்கே கொஞ்சம் இருக்கிறது. அவர்கள் கையில்தான் மாநிலமே.

இந்த வருடம் அப்படி மறுதேர்தல் வந்தால் அது டிசம்பர் 1.

11. ஜனங்க எதை வச்சு ஓட்டுப் போடுவாங்க?

விலைவாசி. மற்றதெல்லாம் அப்புறம். மாட்டிறைச்சி, காபி, வீட்டு வாடகை, காப்பீட்டுத் தவணை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்துவந்த கூடுதல் மானியம் 2025 இறுதியில் முடிந்தது. 3-ஆம் பதிலில் சொன்ன 43 நாள் சண்டையே அதைப் பற்றித்தான். சிறுதொழில் செய்பவர்கள், சொந்தமாகக் காப்பீடு வாங்குபவர்கள் தலையில் அது நேராக இறங்கியது.

எங்கள் மாநிலத்தில் மின்கட்டணம் தனிக் கதை. கட்டணத்தை அனுமதிக்கும் ஐந்து பேர் கொண்ட பொதுச்சேவை ஆணையத்தில் 2025 வரை எல்லாருமே குடியரசுக் கட்சியினராக இருந்தார்கள். அதற்கும் தேர்தல் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 2025 நவம்பரில் அதில் இரண்டு இடத்தை ஜனநாயகக் கட்சி அள்ளிக்கொண்டு போனது. கரண்ட் பில்லும், ஊரைச் சுற்றி முளைக்கும் தரவு மையங்களும்தான் காரணம். அதே நாளில் வர்ஜீனியா, நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல்களிலும் கட்டுப்படியாகாத விலை பற்றிப் பேசியவர்களே ஜெயித்தார்கள்.

குடியேற்றம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. எல்லையை இறுக்கியதை ஆதரிப்பவர்களில் பலருக்கே, முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் ஆளைப் பிடிப்பது பிடிக்கவில்லை.

12. நம்ம ஆளுங்க யாராவது நிக்கறாங்களா?

‘நம்ம’ என்பதை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓஹையோ ஆளுநர் பதவிக்கு டிரம்ப் ஆதரவோடு களமிறங்கியவர் சின்சினாட்டியில் பிறந்த விவேக் ராமசாமி. அவருடைய பெற்றோர் கேரளத்திலிருந்து வந்த தமிழ் பேசும் குடும்பத்தினர். தமிழ்க் குடும்பத்தில் டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, இல்லினாய்ஸ் செனட் இடத்துக்கான முதன்மைத் தேர்தலில் இறங்குவதற்காகத் தன் பிரதிநிதிகள் சபை இடத்துக்கு மறுபடி நிற்காமல் விட்டார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலின் சியாட்டில் தொகுதி 7-ஆம் பதிலில் சொன்ன ‘நவம்பர் சடங்கு’ ரகம்.

13. க்ரீன் கார்டு இருக்கு, வரியும் கட்டறேன். ஓட்டுப் போடலாமா?

கூடாது. குடிமக்கள் மட்டும்தான். இதில் ஏமாறுபவர்கள் வேண்டுமென்றே செய்பவர்கள் இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆம்’ அழுத்திவிட்டு, பிறகு குடியுரிமை விண்ணப்பத்தின்போது வழக்கறிஞரைத் தேடி ஓடிய ஒருவரை எனக்குத் தெரியும். ஓட்டே போட்டுவிட்டால் நாடு கடத்தல் வரை போகலாம்.

நன்கொடை? க்ரீன் கார்டு வைத்திருப்பவர் தரலாம். எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. சம்பளம் வாங்காமல் பிரசாரத்துக்கு உதவலாம், வீடுவீடாகப் போகலாம், அதில் தடையில்லை.

14. டெமாக்ரட் வந்தா க்ரீன் கார்டு க்யூ குறையுமா அண்ணா?

குறையாது என்றே நினைக்கிறேன். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டு, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது 1990 சட்டம். மாற்ற சபையால் மட்டுமே முடியும். 2019 ஜூலையில் நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. அடுத்த வருட டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்க நேரமில்லாமல் காலாவதியானது. இரண்டு கட்சியிலும் ஆதரவு இருந்தும் அந்த நிலைமை.

எச்-1பி கட்டணம் 1,00,000 டாலர் ஆனது வேறு. அது 2025 செப்டம்பரில் அதிபர் கையெழுத்தில் வந்தது, சபையைக் கேட்டு வந்ததில்லை.

15. திருப்பூர் பனியனுக்கு 50 சதவீதம் வரி போட்டாங்களே, அதை இவங்க மாத்த முடியுமா?

அரசியலமைப்புப்படி இறக்குமதி வரி போடும் அதிகாரம் சபையுடையதுதான். டிரம்ப் 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டித் தானே போட்டார். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25-உம். திருப்பூரின் பெரிய வாடிக்கையாளரே அமெரிக்காதான் என்பதால் அடி அங்கே உடனே விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த அக்டோபர் இறுதியில் டிரம்பின் வரிகளுக்கு எதிரான தீர்மானங்கள் செனட்டில் நிறைவேறின, நான்கைந்து குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து ஓட்டளித்தார்கள். பிரதிநிதிகள் சபைத் தலைமை அந்த மாதிரித் தீர்மானங்களை ஓட்டுக்கே விடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது. எதை எடுப்பது, எதை மூலையில் போடுவது என்று 3-ஆம் பதிலில் சொன்னேனே, அது இதுதான்.

16. இங்க தேர்தல் கமிஷன் யாரு?

நம் ஊர் அர்த்தத்தில் யாரும் இல்லை. மத்தியில் ஓர் ஆணையம் உண்டு, அது பிரசாரப் பணத்தை மட்டும் பார்க்கும். தேர்தல் நடத்துவது மாநிலம், நடைமுறையில் மாவட்டம். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விதி. ஜார்ஜியாவில் 2021 சட்டப்படி ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்பவருக்குக் கட்சிக்காரர்கள் தண்ணீர் பாட்டில் கொடுப்பதே குற்றம். நீர்மோர்ப் பந்தல் பார்த்து வளர்ந்த எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

முடிவுக்குச் சான்று தரும் மாநிலச் செயலரும் கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வருபவர்தான். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் தொலைபேசியில் 11,780 ஓட்டைக் ‘கண்டுபிடிக்க’ச் சொன்னது எங்கள் மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம். அவரும் குடியரசுக் கட்சிக்காரர், ஆனாலும் மறுத்தார். அந்தப் பதவிக்கும் இந்த நவம்பரில்தான் தேர்தல். செனட் தேர்தலுக்கு அடுத்து நான் கவனமாகப் படிப்பது அதைத்தான்.

17. ஓட்டுச்சீட்டுல முப்பது பேர் இருப்பாங்களாமே? தெரியாத பேருக்கு என்ன செய்யறது?

2022-இல் தொடுதிரை முன்னால் நின்றபோது செனட்டர், ஆளுநர் இரண்டையும் அரை நிமிடத்தில் முடித்தேன். அதன்பிறகு வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர், தொழிலாளர் ஆணையர், பள்ளிக்கல்விக் கண்காணிப்பாளர், பள்ளி வாரியம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் கேள்விகள்: குற்றச்சாட்டுப் பதிவாகிப் பணியிடை நீக்கமான அதிகாரிகளின் சம்பளத்தை நிறுத்தலாமா? மரம் வெட்டும் கருவிகளுக்குச் சொத்துவரி விலக்குத் தரலாமா? மரம் வெட்டும் கருவி பற்றி எனக்கு என்ன தெரியும்! எனக்குப் பின்னால் நின்ற பாட்டி தொண்டையைச் செருமினார்.

தெரியாததைக் காலியாக விடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும். நான் இப்போது மாதிரிச் சீட்டை மாவட்டத் தளத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பேனாவால் குறித்து, அந்தக் காகிதத்தையே உள்ளே கொண்டுபோகிறேன். அது அனுமதி உண்டு. கைபேசிதான் வெளியே எடுக்கக்கூடாது.

18. ரிசல்ட் எத்தனை மணிக்குத் தெரியும்? ராத்திரி முழிச்சிருக்கணுமா?

பெரியப்பா, நீங்கள் முழித்திருக்க வேண்டாம், வழக்கம்போல எழுந்தால் போதும். ஜார்ஜியாவில் ஓட்டுப்பதிவு முடியும்போது உங்களுக்கு நவம்பர் 4 அதிகாலை 5.30. கலிஃபோர்னியா முடியும்போது காலை 9.30. முதலில் அறிவிப்பது அரசாங்கம் அல்ல, செய்தி நிறுவனங்கள் கணக்குப் போட்டுச் சொல்வதைத்தான் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். சான்றளிப்பு வாரங்கள் கழித்து வரும்.

போட்டி இறுக்கமாக இருந்தால் அன்றைக்கே தெரியாது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான ஓட்டு தபாலில் வருவதால் எண்ண வாரக்கணக்கில் ஆகும். 2022-இல் பிரதிநிதிகள் சபை யாருக்கு என்பது எட்டு நாள் கழித்து, நவம்பர் 16 அன்றுதான் தெரிந்தது. முதல் இரவில் முன்னணியில் இருந்தவர் பிறகு பின்தங்கினால் உடனே தில்லுமுல்லு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், எண்ணும் வரிசை மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். அப்புறம் செனட் 50-50-க்குப் பக்கத்தில் வந்து, ஜார்ஜியாவில் யாரும் 50 சதவீதம் தொடவில்லை என்றால், 10-ஆம் பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு டிசம்பர் 1 வரை காத்திருங்கள். எங்கள் தபால்பெட்டிக்கு இன்னும் நான்கு வாரம் அட்டை வரும்.